கப்பலில் போக வேண்டியவை

2020 ஆகஸ்ட் பத்தாம் தேதி, சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலுக்கடியில் போடப்பட்ட கண்ணாடியிழைக் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது.

வந்துகொண்டுதான் இருக்கிறது, வராமல் எங்கே போகும், ஜிர்காடாங் கேட்டில், ஜாரவா காட்டுக்குள் விடுவதற்கு முன்னால், வண்டிகளை வரிசை கட்டி நிறுத்தியிருந்தபோது கடைசியாகப் பார்த்தான், 2019-ஆம் வருஷத்துக் கோப்புகள் முடிந்து 2020 தொடங்கியிருந்தது, பழையதிலிருந்து புதியதை நோக்கித்தான் வரும், அவன் எழுதிய வரிசைப்படிதான் வரும்... அதற்கப்புறம் காடு. காட்டுக்குள் சிக்னல் கிடையாது, பஸ் நிற்கக் கூடாது, ஜன்னல் வழியாகப் படம் எடுக்கக் கூடாது, முன்னால் போகும் வண்டியை முந்தக் கூடாது. அழகேசன் கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், திரையில் பச்சைக் கோடு பாதியில் உறைந்து நின்றது, உறைந்தது திரைதான், மாயாபந்தரில் அது நகர்ந்துகொண்டிருக்கும். ஸ்கேன் சென்டரின் பழைய சர்வர், கரண்ட் போய்ப் போய் வந்ததில், போன மாதம் செத்துவிட்டது. புது மிஷின் வைத்து, சென்டரின் ரகசிய எண் சாவியைப் போட்டு, சென்னையில் சேமித்து வைத்ததையெல்லாம் நேற்று மாலையிலிருந்து திரும்ப இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். எங்காவது சிக்கினால் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று அவன் விடியற்காலையிலேயே மாயாபந்தர் பஸ் ஏறியிருந்தான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொடு என்று அதற்குச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் எடுக்கும் வசதி செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் இருந்தது, வருஷக்கணக்காக இருந்தது, அதைவிட அவசரமானது எப்போதும் ஒன்று வந்தது, திரையின் நிறம், லோகோ, மாதாமாதம் முதலாளிக்குப் போகும் ரிப்போர்ட்... யாருமே திரும்பக் கேட்கவில்லை, அதனால் திரும்பக் கொடுப்பதை யாரும் மெருகேற்றவில்லை. பரவாயில்லை, முழுவதும் இறங்கட்டும். அதற்குள் 2021 மே மாதம் வரும், மே மாதத்துக்குள் அக்காவின் நெஞ்சு ஸ்கேன் வரும். அது போதும். இத்தனை பேருடைய எலும்பும் குடலும் யாருக்கு வேண்டும், அந்த ஒன்று வந்தால் போதும்.

அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், சென்னை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து, மாமா ஸ்ரீதர் போனைப் பிடித்துக்கொண்டிருக்க. அகிலா டீச்சருக்கு எல்லாமே வகுப்பில் சொல்கிற தொனிதான். இருமல் நிற்கவில்லை என்று போர்ட் பிளேரில் ஸ்கேன் எடுத்தார்கள், வலது நுரையீரலின் மேல் பக்கம் ஒரு புள்ளி, மெயின்லாண்டுக்குப் போங்கள் என்றார்கள், அந்த வார்த்தையைச் சொல்வதற்கென்றே இங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே இன்னொரு ஸ்கேன், அதில் புள்ளி மினுங்கியது, மினுங்குவது நல்லதில்லை, ஆனால் சில சமயம் நல்லதும் மினுங்கும். ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்கலாமென்றால் ரத்தக்குழாயை ஒட்டி இருக்கிறது. அப்போது சர்ஜன் கேட்டாராம், இதற்கு முன்னால் எப்போதாவது நெஞ்சு ஸ்கேன் எடுத்திருக்கிறீர்களா அம்மா, பழைய படத்தில் இதே புள்ளி இதே அளவில் இருந்தால் நாம் இதைத் தொடவே வேண்டாம், வருஷாவருஷம் பார்த்துக்கொண்டால் போதும். பழையதில் இல்லை என்றாலோ, பழைய படமே இல்லை என்றாலோ, மேல் பாகத்தை எடுத்துவிடுவதுதான் எனக்குத் தெரிந்த நல்லது. எடுத்திருக்கிறாள், கோவிட் வந்தபோது மாயாபந்தரில் எடுத்தாள், அங்கே மிஷின் இருந்தது, ஆனால் ஃபிலிம் இல்லை, கப்பல் வரவில்லை, ஃபிலிம் தீர்ந்துவிட்டது, தாளில் ரிப்போர்ட் மட்டும் கொடுத்தார்கள். கோவிட் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கிறது, புள்ளியைப் பற்றி ஒன்றும் இல்லை, அந்தச் சமயத்தில் யார் புள்ளியைத் தேடினார்கள். ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, படத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், என்ன மாறியிருக்கிறது என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும் என்றார் சர்ஜன். அக்கா அவரிடம் சொன்னாளாம், கவலையே படாதீங்க டாக்டர், அந்த சென்டருக்கு பேக்கப் பண்றதே என் தம்பிதான், எல்லாம் இதே மெட்ராஸ்ல பத்திரமா இருக்கு. நாளைக் காலைப் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. இன்று மாலைக்குள் படம் போனால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

என்ன மாறியிருக்கிறது... அவன் அதைத்தானே எழுதினான், பல வருஷமாக அதை மட்டும்தானே எழுதினான். முதல் நாள் முழுதாக ஒரு பிரதி, மறுநாளிலிருந்து மாறியது மட்டும். ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு கைரேகை எடுத்து, அந்தக் கைரேகை அந்தப் பக்கம் ஏற்கெனவே இருந்தால் அனுப்பாதே, இல்லையென்றால் அனுப்பு. சாட்டிலைட் காலம் அது, ஒரு போட்டோவை மெயிலில் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வரலாம், வந்தால் போகவில்லை என்று சொல்லும். அந்த லைனில் ஒரு கிளினிக்கை, ஒரு கூட்டுறவுச் சங்கத்தை, ஒரு ஸ்கேன் சென்டரைத் தினமும் மெயின்லாண்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் அவன், அழகேசன், போர்ட் பிளேர் டெலானிப்பூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, அறுந்தால் அறுந்த இடத்திலிருந்து தொடர வைத்து, மழை பெய்தால் காத்திருக்க வைத்து. சென்னையில் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒருவர், இவ்வளவு கஷ்டம் எதற்கு, நல்ல கனெக்‌ஷன் வாங்கிக்கொள்ளலாமே என்றார். கம்பெனிக் கூட்டாளி சிவபிரகாஷ் பக்கத்தில் நின்று சிரித்தான், அவனும் இந்த ஊர்க்காரன்தான், அபர்டீன் பஜாரில் அவன் அப்பாவுக்குக் கடை இருந்தது, ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்ச், ஆனால் அன்றைக்கு அவன் சிரித்தது முன்வரிசையோடு சேர்ந்து. ஒரு வருஷம் மச்சான், ஆபீஸ் போட்டு நாலு கஸ்டமர் பிடிச்சிட்டு வந்திடறேன் என்று சென்னைக்குப் போனவன். கேபிள் வந்த அன்று போன் செய்தான், டேய் கப்பல்காரா, உன் பொழப்பு போச்சுடா என்று. விளையாட்டாகத்தான் சொன்னான். அதிலிருந்து ஆபீஸ் முழுக்க அதுவே பெயராகிவிட்டது, போன வருஷம் சேர்ந்த பையன்கள்கூட அண்ணாவுக்கு ஏன் கப்பல்காரர் என்று பெயர் என்று கேட்காமலே அப்படிக் கூப்பிட்டார்கள்.

மரங்கள் குறைந்து வெளிச்சம் வந்தது, மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை, கண்டக்டர் தகரத்தைத் தட்டி உதரோ, சப் லோக் உதரோ என்றான், பஸ் தனியாக வெஹிக்கிள் ஃபெரியில் ஏறும், ஆட்கள் நடந்து ஏற வேண்டும். இறங்கியதும் போன் துடித்தது. பச்சைக் கோடு வெகுதூரம் போயிருந்தது, 2021 ஜூலை, ஜூலை... அப்படியென்றால் மே தாண்டிவிட்டது, வந்துவிட்டது. சென்டரில் உட்கார்ந்திருக்கும் கணேஷ்குமாரைக் கூப்பிட்டான், அவன்தான் அங்கே மிஷின், கம்ப்யூட்டர், வாசலில் சண்டை எல்லாம் பார்ப்பவன். வந்துடுச்சுண்ணா, டீச்சர் பேர் வந்துடுச்சு, வயசு, தேதி, டாக்டர் பேர் எல்லாம் கரெக்டா இருக்கு, ரிப்போர்ட் திறக்குது, என்றான். படம்? படம்தான் திறக்க மாட்டேங்குது. இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும், கொஞ்சம் பொறு. அதே மாசத்துல எக்ஸ்ரே எல்லாம் திறக்குதுண்ணா, ஸ்கேன் மட்டும்தான். வேற யாருடைய ஸ்கேனாவது திறந்து பார். பாத்துட்டேன், பழைய ஆளுங்களது திறக்குது, நடுவுல ஒரு மாசத்துக்கப்புறம் யாரோடதும் திறக்கல. எந்த மாசம்? கணேஷ்குமார் போனை வைத்துவிட்டுப் பார்த்துவிட்டு வந்தான். "2020 ஆகஸ்ட்ல இருந்துண்ணா" என்றான்.

ஆகஸ்ட்... ஆகஸ்டில் என்ன நடந்தது, சென்டரில் ஏதாவது மாற்றினார்களா, புதுப் பதிப்பு போட்டோமா, இல்லை, புதுப் பதிப்பு போட்டது தீபாவளிக்குப் பிறகு. துண்டுகள் கெட்டுப்போயிருக்குமா, சென்னைச் சேமிப்பில் ஏதாவது அழிந்துவிட்டதா, சிவபிரகாஷ் செலவைக் குறைக்கிறேன் என்று பழசை எங்காவது தள்ளிவிட்டானா, ஆனால் பழசு இருக்கிறதே, பழசு திறக்கிறதே, புதுசுதானே இல்லை. ஃபெரி நகர்ந்தது, இருபக்கமும் அலையாத்தி மரங்கள், வேர்கள் சேற்றுக்கு மேலே, சுற்றுலா வந்தவர்கள் முதலை எங்கே என்று தேடினார்கள். யாரோ தோளைத் தொட்டார்கள், சொக்கலிங்கம் செட்டியார், ரங்கத்தில் மளிகைக் கடை, மெயின்லாண்டுச் சரக்கு. பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார், கவனிக்கவில்லை. என்ன தம்பி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு, ஃபெரி ஒத்துக்கலையா, தீவுல பொறந்துட்டு இதுக்கே இப்படின்னா ஷிப்புல போனா என்ன ஆவே என்றார். ஒன்றுமில்லை என்றான். அவர் விடுகிற ஆளில்லை, பக்கத்தில் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, கப்பல் டிக்கெட் கிடைக்காததை, முட்டை உடைந்து வருவதை, தக்காளி விலையைச் சொன்னார், அவன் தலையாட்டிக்கொண்டே போனில் பிழைச் செய்திகளைத் தேடிக்கொண்டிருந்தான். பிறகு அவர் குறையாகச் சொல்லாமல் சாதாரணமாகச் சொன்னார்: "முன்னல்லாம் மாசம் தவறாம ஒரு டிஸ்க் பொட்டி குடுத்து விடுவே. நானும் பேத்திய மாதிரி மடியில வெச்சு கொண்டு போயி மெட்ராஸ்ல குடுப்பேன். இப்ப யார்கிட்ட குடுத்து விடறே தம்பி?"

யாரிடமும் கொடுப்பதில்லை. கேபிள் வந்துவிட்டதே, எதற்குக் கொடுக்க வேண்டும்... அந்த வாக்கியத்தின் நடுவில் அழகேசன் போனில் தேடுவதை நிறுத்தினான். சாட்டிலைட் லைனில் பெரிய கோப்புகள் போகாது, ஒரு ஆளின் ஸ்கேன் முழுவதும் ஒரே பொதியாகத்தான் சேமிப்பில் விழும், அதை அனுப்ப ஆரம்பித்தால் மற்றது எல்லாம் நின்றுவிடும். அதனால் ஒரு அளவு வைத்தான், அதற்குக் கீழே உள்ளது லைனில் போகும், மேலே உள்ளது சர்வருக்குள்ளேயே ஒரு தனி அறையில் சேரும், மாதம் ஒருமுறை அந்த அறையை டிஸ்க்கில் போட்டு, மெயின்லாண்டுக்குக் கப்பலில் போகிற யாரிடமாவது கொடுத்து அனுப்பினால் சென்னையில் சேர்த்துக்கொள்வார்கள். அந்த அறைக்கு ஷிப் என்று பெயர் வைத்தான். வேறு என்ன பெயர் வைப்பது, ஷிப்பில் போக வேண்டியவை, ஷிப். முதல் பதிப்பில் அவனுக்கே மிகப் பிடித்த பகுதி அதுதான், டிஸ்க் தொலைந்தால் என்ன செய்வது, இரண்டு டிஸ்க் ஒரே கப்பலில் போகக் கூடாது, கப்பல் தாமதமானால் எத்தனை மாதம் வரை பொறுக்கலாம், எல்லாம் எழுதியிருந்தான். கேபிள் வந்ததும் டிஸ்க் கொடுப்பது நின்றது. அளவு நிற்கவில்லை. அளவை யாரும் எடுக்கவில்லை. மேலே உள்ள எல்லாம் இன்றுவரை அந்த அறையில்தான் போய் விழுந்துகொண்டிருந்தன, அந்த அறை செத்துப்போன சர்வருக்குள்ளேயே இருக்கிறது. வராத கப்பலுக்கு.

ஆனால் மஞ்சள் காட்டியிருக்க வேண்டுமே. ஷிப் அறையில் எதுவாவது கிடந்தால் மஞ்சள், மூன்று மாதம் தாண்டினால் சிவப்பு, அவன் எழுதியது, அவன் கையால். தினமும் காலையில் எல்லா இடத்து ரிப்போர்ட்டும் பார்க்கிறான், பச்சை, பச்சை, பச்சை, எங்கே மஞ்சள்... ஃபெரி பாராடாங் பக்கம் ஒட்டியது, ஆட்கள் இறங்கினார்கள், அவன் படகுத்துறையில் ஓரமாக நின்று புரோகிராமில் செய்த பழைய மாற்றங்களைத் தேடினான், கிடைத்தது. ப்ரியங்கா என்ற பெண், கேபிள் வந்த சமயம் சென்னை ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவள், அந்த ரிப்போர்ட் வருகிற திரையை அப்போது புதுப்பித்தவள். அவள் எழுதிய குறிப்பு ஒரே வரி: ஷிப் ஆனவை வெற்றிக் கணக்கில் சேரவில்லை, சேர்த்துவிட்டேன். அன்றோடு ஷிப் அறையில் கிடந்ததெல்லாம் மஞ்சளுக்குப் பதில் பச்சையாகிவிட்டது. கீழே ஒப்புதல்: அழகேசன். அவளுக்கு ஷிப் என்றால் என்ன, கம்ப்யூட்டர் வேலை செய்கிற எல்லோருக்கும் என்னவோ அதுதான், ஒன்றை முடித்து வெளியே அனுப்பியாயிற்று என்றால் ஷிப் ஆகிவிட்டது என்பார்கள், அவனே சொல்லியிருக்கிறான். அவள் சரியாகத்தான் படித்தாள். சென்னையில் பிறந்த பெண், அவளுடைய ஊரில் ஷிப் என்பது நின்றுகொண்டு காத்திருக்கிற ஒன்றல்ல.

சிவபிரகாஷைக் கூப்பிட்டான். டேய் கப்பல்காரா சொல்லு, அக்கா எப்படி இருக்காங்க, சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன், படத்தை பென் டிரைவ்ல போட்டு நானே சர்ஜன் கையில குடுக்கறேன், என்று அவன் பாட்டுக்குப் பேசினான். அழகேசன் சொன்னான். அந்தப் பக்கம், பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், ஏசி சத்தம்.

"ஷிப்னா அனுப்பியாச்சுன்னுதானடா அர்த்தம்?" என்றான் சிவபிரகாஷ். "உலகம் பூரா அப்படித்தான சொல்றாங்க."

"இங்க ஷிப்னா ஷிப்புடா. நீயும் இங்கதானடா பொறந்தே."

"நான் அதைப் பாக்கலை மச்சான். நீ அப்ரூவ் பண்ணியிருந்தே, கப்பல் மேட்டரெல்லாம் உனக்குத்தான தெரியும்னு விட்டுட்டேன்."

நீ அப்ரூவ் பண்ணியிருந்தே... கண்டக்டர் கூப்பிட்டான், பஸ் ஏறிவிட்டது, அவனும் ஏறினான், சொக்கலிங்கம் செட்டியார் தன் பக்கத்து இடத்திலிருந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார், உட்கார்ந்தான். மற்ற கஸ்டமர்கள், மெயின்லாண்டு கஸ்டமர்கள், அவர்களுக்கெல்லாம் அளவே கிடையாது, சிவபிரகாஷ் அவர்களுக்குப் போடும்போதே எடுத்துவிட்டான், தீவில் இருப்பவை மட்டும்தான் பழைய அமைப்போடு ஓடுகின்றன, தீவு உன் டிபார்ட்மென்ட் மச்சான், நீ பாத்துக்கோ என்று. சாலை மேலும் கீழும் போனது, பாக்குத் தோப்பு, கோழிக்கடை, பெங்காலி போர்டு, நீளமான புதுப் பாலம், ரங்கத்தில் செட்டியார் இறங்கினார், உடம்பைப் பாத்துக்க தம்பி, வர்றப்ப கடைப்பக்கம் வா என்றார். சிவபிரகாஷ் மேல் கோபப்படப் பார்த்தான், அது ஒரு பாதி தூரம் வரை வந்தது. அந்தப் பெண் மேல் கோபப்படப் பார்த்தான், அது வரவே இல்லை. அந்த ஒரு வரியை அவன் படிக்காமல் ஒப்புதல் கொடுத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம், எல்லோரும் நம்புவார்கள், ஒரு நாளைக்கு எத்தனை வரும், ஆனால் படித்தான். நினைவிருக்கிறது, அறை, மின்விசிறி, வெளியே மழை. ஷிப் ஆனவை வெற்றிக் கணக்கில், என்று படித்து, ஷிப்பில் போனவை வெற்றியில் சேரும், சரிதானே, சேர வேண்டியதுதானே என்று நினைத்தான். அதோடு இன்னொன்றும் நினைத்தான், அதுதான் இப்போது குத்துகிறது, பரவாயில்லை, புதுத் திரையிலும் கப்பலுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறாள் என்று நினைத்தான். சந்தோஷமாக இருந்தது. ஷிப்பில் ஒன்றும் போகவில்லையே என்று அந்தச் சந்தோஷத்துக்குத் தோன்றவில்லை. அளவை எடுத்திருந்தால் அந்த அறையே தேவையில்லாமல் போயிருக்கும், ஒரு வரி, ஒரு எண், அதை அவன் எடுக்கவில்லை, மறந்தா எடுக்கவில்லை... கேபிள் வந்தபோது ஊர் முழுக்க வீடியோ பார்த்தது, கடைகளில் லட்டு கொடுத்தார்கள், அவன் ஒருவனுக்கு மட்டும் யாரோ வீட்டைக் காலி செய்யச் சொன்னதுபோல் இருந்தது. நல்ல லைன் வந்துவிட்டால் துண்டும் கைரேகையும் யாருக்கு வேண்டும், முட்டாள்கூட முழுசாகத் தூக்கி அனுப்பலாம். அப்படி எதையும் யாரிடமும் சொன்னதில்லை. கேபிள் வந்தது நல்லதுதான் என்றுதான் எல்லோரிடமும் சொன்னான்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏதாவது ஒரு சென்டரில் ஒரு பெரிய கோப்பைத் திரும்பக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். சோதித்தார்கள், வருஷத்துக்கு ஒருமுறை சோதிப்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஆனால் சோதிக்கும்போது சின்னதாக ஒரு ரிப்போர்ட்டை, ஒரு எக்ஸ்ரேயைக் கேட்பார்கள், சாட்டிலைட் காலத்துப் பழக்கம், பெரியதைக் கேட்டால் யார் காத்திருப்பது. அனுப்பியதைத் திரும்பக் கேட்கிற வழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. மெயின்லாண்டுக்குப் போன பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை, போன ஃபைல் திரும்பாது, போன நோயாளியைப் பற்றித் தகவல் வந்தால் உண்டு. போய்ச் சேர்ந்துவிட்டதா, சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான், பத்திரம். அவன் எழுதிய மொத்தத்தையும் திருப்பிப் பார்த்தால் அனுப்புவதற்கு எழுதியது மலைபோல் இருக்கிறது, திரும்பப் பெறுவதற்கு எழுதியது ஒரு ஓரத்தில், கஸ்டமருக்குக் காட்டுவதற்கு. இத்தனை நாள் அவன் செய்தது பேக்கப்தானா...

மாயாபந்தரில் கணேஷ்குமார் வாசலிலேயே நின்றான், டீ சொல்லட்டுமாண்ணா என்றான், வேண்டாம் என்றான் அழகேசன். செத்த சர்வரிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி, கொண்டு வந்த பெட்டியில் மாட்டினான். சுழல ஆரம்பிக்கும், கிட் என்று ஒரு சத்தம், நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும், கிட். ஈரமும் உப்பும் ஏறிய டிஸ்க், சர்க்யூட் பலகையில் செம்பு பச்சை பூத்திருந்தது. வயரை மாற்றினான், கவிழ்த்து வைத்துப் பார்த்தான், ஏசிக்கு நேரே வைத்துக் குளிர வைத்துப் பார்த்தான், இதெல்லாம் உதவாது என்று தெரிந்தே செய்தான். ஸ்கேன் மிஷினுக்குள்ளே ஏதாவது மிச்சம் இருக்குமா என்று கேட்டான், அதுல மூணு மாசத்துக்கு மேல நிக்காதுண்ணா, தானா அழிஞ்சிடும், என்றான் கணேஷ்குமார். டிஸ்க்கை பெங்களூருக்கு அனுப்பினால் பிரித்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள், வாரக்கணக்கில் ஆகும், எடுக்க முடியும் என்றும் சொல்ல மாட்டார்கள். வெளியே பெஞ்சில் பர்மாவிலிருந்து வந்த கரேன் இனத்துக் கிழவர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மகள், கையில் ஃபிலிம் கவர், கடலிலிருந்து காற்று வந்தது. கணேஷ்குமார் குரலைத் தாழ்த்தினான். "அண்ணா, மத்தவங்க வந்து பழைய படம் கேட்டா என்ன சொல்றது? முதலாளிக்கு என்ன சொல்றது?" அழகேசன் டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னைக்கு ஒண்ணும் சொல்லாத என்றான். சொன்ன பிறகு, நாளைக்கு மட்டும் என்ன சொல்லப் போகிறோம் என்று தோன்றியது.

அக்காவை அவன்தான் கூப்பிட வேண்டும், மாமாவிடம் சொல்லலாம், மாமாவிடம் சொன்னால் அவர் அவளிடம் சொல்வார், அது சுலபம், வேண்டாம். படகுத்துறை வரை நடந்து போய்க் கூப்பிட்டான். அவளே எடுத்தாள், எடுத்ததும் கிடைச்சிடுச்சா என்றாள், அவன் அக்கா, வந்து என்று ஆரம்பித்தான், அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் அவன் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்தாள், வகுப்பில் பையன்கள் பொய் சொல்லும்போது இருப்பதுபோல, அவன் பொய் சொல்லவில்லை, எதையும் விடவில்லை, ஷிப் என்ற வார்த்தையை, அந்தப் பெண்ணை, தன் ஒப்புதலை, எல்லாவற்றையும் சொன்னான். சந்தோஷப்பட்டதை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப என் படம் இன்னும் ஷிப்புக்குக் காத்துட்டு இருக்குதா?" என்றாள் அகிலா. "நான் ஃபிளைட்ல வந்துட்டேன். அதையும் கூட்டிட்டு வந்திருப்பேனே."

அவன் அக்கா என்றான்.

"சரி விடுடா. டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லட்டும், தம்பிகிட்ட இல்லைன்னா?" ஒரு நிமிஷம் அங்கே நர்ஸ் யாரோ ஏதோ கேட்டாள், அக்கா அவளிடம் இன்னும் சாப்பிடலை என்று பதில் சொன்னாள். பிறகு இவனிடம், "இல்லைன்னே சொல்லிடறேன். படம் இல்லைன்னு. எங்க போச்சுன்னு அவர் கேக்க மாட்டார்."

கேட்க மாட்டார்தான். அவருக்கு வேண்டியது படம், காரணமல்ல. போனை வைத்த பிறகுதான் அழகேசனுக்குத் தோன்றியது, தான் இவ்வளவு நேரம் அவளிடம் சொன்னதில் பயமாக இருக்கிறதா அக்கா என்று ஒரு கேள்வி இல்லை, மறுபடி கூப்பிடலாம், கூப்பிட்டால் என்ன சொல்வாள், இல்லைடா என்பாள், அதைக் கேட்பதற்காகத்தானே கூப்பிடுவோம்... போனைச் சட்டைப் பையில் போட்டான். திரும்பப் போகும் பஸ் கிளம்பிவிட்டிருந்தது.

மறுநாள் காலை சென்னையில் அகிலாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. வலது நுரையீரலின் மேல் பாகத்தை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து ஆய்வு முடிவு வந்தது: பழைய காசநோய்த் தழும்பு, புற்றுநோய் இல்லை. தழும்பு எத்தனை வருஷம் பழையது என்று முடிவில் எழுதியிருக்கவில்லை.